பத்துக்கு எத்தனை

நியூ மால்டன். வியாழன். மழை.
மீன்கடைக்கு மேல்மாடியில் எங்கள் பல் கிளினிக்.
கீழே பெட்டி பெட்டியாய் முள்ளங்கி இறங்குகிறது,
மேலே நாற்காலி சாய்கிறது.

நாற்காலியில் இருப்பவர் பெயர் ஓக்.
டாக்டர் பார்ஜிட்டர் "ஓகே?" என்று கேட்கும்போதெல்லாம்
தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று
தலையைத் தூக்குகிறார்.
ஒவ்வொரு முறையும் நான் விளக்கைத் திருப்ப வேண்டியிருக்கிறது.
விளக்கு என் வேலை. எச்சில் உறிஞ்சும் குழாயும்.
சொற்கள் ஹே-ரினின் வேலை:
மணிக்கு இருபத்தாறு பவுண், பஸ் காசு தனி.

"வலி பத்துக்கு எத்தனை?"
ஆங்கிலம் எப்போதும் இப்படித்தான் தொடங்கும்.
அவர் எண் சொல்லவில்லை.
ஷிர்யோயோ, என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
உக்ஷின் உக்ஷின்.

ஹே-ரின் பேனாவைக் கடித்தாள்.
முதல் சொல் குளிர், என்றாள்,
தை மாதக் காற்றில் விரல் படுகிற பாடு;
வெயில் விழுந்த பனியைப் பார்த்துவிட்ட
கண்ணுக்கும் அதே சொல்தான்.
டாக்டர் "சென்சிட்டிவ்" என்று எழுதிக்கொண்டார்.
முகமூடிக்குள் எனக்குச் சிரிப்பு.
கூச்சம்!
கண் கூசும், பல் கூசும்,
கடன் கேட்கப் போனால் நாவும் கூசும்.
யாரிடம் சொல்ல?

இரண்டாவதற்கு அவளிடம் ஆங்கிலமே இல்லை.
கையை மூடித் திறந்து, மூடித் திறந்து காட்டினாள்.
விண் விண், என்றேன் என்னையறியாமல்.
அதேதான், என்றாள், தமிழ் தெரிந்தவள்போல.
ஓக்கும் தலையாட்டினார்.
டாக்டர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்:
"ஆறா, ஏழா?"

எங்கள் ஊரில் பல் கொதிக்கும்.
பல்லுக்கொதி என்று ஒரே சொல்,
வாய்க்குள் உலை வைத்தமாதிரி.
அவருடைய ஊரில் அது குளிர்கிறது.
நான் ஏழு என்று தட்டினேன்.
திரையில் அடுப்பும் இல்லை, பனியும் இல்லை.

பிடுங்க வேண்டியது கடைசிக் கடைவாய்ப்பல்.
ஆங்கிலத்தில் அது ஞானம்.
கொரிய மொழியில் அது காதல், சராங்னி;
காதல் வருகிற வயதில் முளைப்பதாலாம்.
ஓக்குக்கு எழுபத்தொன்று.
நாலு இருந்தது, இது ஒன்றுதான் மிச்சம்,
மெதுவாய்ப் பிடுங்கச் சொல், என்றார்.
ஹே-ரின் மொழிபெயர்த்தாள்: "அவருக்குச் சம்மதம்."
பிறகுதான் எனக்கு மட்டும் முழுவதும் சொன்னாள்,
கை கழுவும் தொட்டியருகே, தண்ணீரைத் திறந்துவிட்டு.

படிவத்தின் இரண்டாம் பக்கம்.
உதடு மரத்துப்போகலாம்,
சிலருக்கு நிரந்தரமாக.
அந்தச் சொல்லில் ஹே-ரின் நின்றாள்.
பாற்பல் விழுந்தபின் வருவதற்கும் அதே பெயர்,
அங்கும், இங்கும், எங்களிடமும்: நிரந்தரப் பல்.
இன்னும் அரைமணியில் அது
தட்டில் கிடக்கப் போகிறது.
வேறு சொல் தேடினாள். மழைச் சத்தம்.
கடைசியில் அதையே சொன்னாள், மெல்ல.

கையெழுத்துப் போட்டபடி அவர் ஏதோ சொன்னார்.
"நரம்பைச் செலவழிக்க வேண்டாம்," என்றாள் ஹே-ரின்.
"நரம்பில் வலியா?" டாக்டர் குனிந்தார்.
"இல்லை, இல்லை. கவலைப்படாதே என்கிறார்.
எனக்குச் சொன்னது."

பதினேழு நிமிடம். கொஞ்சம் இரத்தம்.
வேர் இரண்டும் முழுதாய் வந்தன.

"ஓகே?" என்றார் டாக்டர்.
இந்த முறை ஓக் தலையைத் தூக்கவில்லை.
பஞ்சைக் கடித்தபடி கையைத் தூக்கி
ஐந்து விரலையும் விரித்தார்.
பெருவிரலை மடித்தார்.

வலி நாலா, போன பல் நாலா,
ஹே-ரினுக்கும் தெரியவில்லை.
டாக்டர் என்னைப் பார்த்தார்.
நாலு, என்று தட்டினேன்.